பிள்ளை பார்க்கும் ஜப்பான் படம் பெரியவர்களுக்கு ஏன் புரிவதில்லை?

உங்கள் வீட்டுப் பையன் கைப்பேசியும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். திரையிலே முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு இரண்டு கண்கள்! முள்ளம்பன்றி போல் சிலிர்த்து நிற்கும் தலைமயிர்! ஒருவன் கத்துகிறான், இன்னொருவன் அதைவிட உரக்கக் கத்துகிறான். எட்டிப் பார்க்கும் உங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் உங்கள் பிள்ளையின் கண்ணில் நீர் முட்டி நிற்கிறது. "இத்தனை வயசாகியும் கார்ட்டூன் பார்த்து அழுகிறாயாடா?" என்று கேட்கிறீர்கள். அவன் பதில் சொல்லாமல் கைப்பேசியைத் திருப்பிக்கொள்கிறான்.

காப்பாரிலும், மேருவிலும், கிள்ளானிலும் இப்படி நடக்கும் வீடுகள் பல. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்து, லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த குடும்பங்களில், தாத்தா பார்த்த படம் வேறு, அப்பா பார்த்த படம் வேறு, பேரன் பார்க்கும் படம் வேறு என்றாகிவிட்டது. பிள்ளைகள் இதை 'அனிமே' என்கிறார்கள். 'அனிமேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர் தங்கள் நாவுக்கு ஏற்பச் சுருக்கிக்கொண்ட பெயர் அது. வரைந்த படங்களை ஓடவிட்டுக் கதை சொல்வது, அவ்வளவுதான். அப்படியிருக்க, ஒருவரைக் கட்டிப் போடும் அந்தப் படம் இன்னொருவருக்கு ஏன் வெறும் கூச்சலாகப் படுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். பார்ப்போமா?

கார்ட்டூன் என்றாலே குழந்தைக்குத்தானா?

முதல் முடிச்சு இங்கேதான் விழுகிறது. கோடு போட்டு வரைந்த படம் என்றால் அது சின்னக் குழந்தைகள் சிரிப்பதற்கு என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பூனை எலியைத் துரத்தும், எலி பூனையை ஏமாற்றும், அத்துடன் சரி.

ஜப்பானில் அப்படி இல்லை. அங்கே சித்திரக் கதைப் பத்திரிகைகளே வயது வாரியாக வருகின்றன. பையன்களுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, வேலைக்குப் போகும் ஆண்களுக்கு ஒன்று, குடும்பப் பெண்களுக்கு ஒன்று. நம் வீட்டில் பிள்ளைகள் அம்புலிமாமாவையும் பெரியவர்கள் ஆனந்த விகடனையும் படித்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதைகளில் பல பிறகு படமாக ஓடுகின்றன. ஆகவே அனிமேயில் குழந்தைக் கதையும் உண்டு, காதல் கதையும் உண்டு, போர்க் கதையும் உண்டு, சமையல் கதையும் உண்டு. 'சாசாயே சான்' என்ற தொடர் 1969 முதல் ஜப்பான் தொலைக்காட்சியில் ஞாயிறு மாலைதோறும் வருகிறது. அதில் சண்டையும் இல்லை, பூதமும் இல்லை. பாட்டன், மகள், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் கதைதான்.

கார்ட்டூன் என்றால் விளையாட்டு என்ற இந்த எண்ணம் நம் ராமாயணத்துக்கே ஒரு சோதனையை உண்டாக்கியது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983-இல் இந்தியாவுக்கு ஆவணப்படம் எடுக்க வந்தவர், ராமாயணத்தில் மனம் பறிகொடுத்தார். அதை ஜப்பானியச் சித்திர முறையில் முழுநீளப் படமாக்க விரும்பினார். அந்நியர் ஒருவர் நம் காவியத்தைத் தொடுவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. இவ்வளவு புனிதமான கதையைக் கார்ட்டூனாக்குவதா என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டது. அவர் விடவில்லை. இந்தியச் சித்திரப்படக் கலைஞர் ராம் மோகனுடன் கைகோத்து 1992-இல் படத்தை முடித்தார். இசை வன்ராஜ் பாட்டியா. 2025 ஜனவரி 24-ஆம் நாள் அதே படம் புதுப்பிக்கப்பட்டு, தமிழும் பேசி, இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. எது 'கார்ட்டூனுக்கு ஆகாது' என்று கருதப்பட்டதோ, அதைத்தான் முப்பது ஆண்டு கழித்துக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள்.

அசையாத உடம்பு, அகன்ற கண்

"சரி, கதை இருக்கட்டும். ஏன் இப்படி வரைகிறார்கள்? ஆள் அசையவே மாட்டேன் என்கிறானே!" என்று நீங்கள் கேட்பது நியாயம். இதற்குப் பின்னால் ஒரு சிக்கனக் கதை இருக்கிறது.

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. டிஸ்னி போன்ற பெரிய நிறுவனங்கள் ஒரு விநாடிக்கு 12 முதல் 24 படம் வரை புதிதாக வரைந்தன. அதனால் அவர்களுடைய பாத்திரங்கள் நீர் போல் வழுவழுவென்று அசையும். ஜப்பானின் ஒசாமு தெசுகா 1963 ஜனவரி முதல் நாள் தம் இயந்திரச் சிறுவன் 'அட்டம்' கதையைத் தொலைக்காட்சியில் தொடங்கினார். வாரந்தோறும் அரை மணி நேரப் படம். கையில் பணமோ குறைவு. என்ன செய்தார்? விநாடிக்கு 8 படம், சில இடங்களில் அதற்கும் குறைவாக வரைந்தார். உடம்பை அப்படியே நிறுத்தி வாயை மட்டும் அசைத்தார். ஒருமுறை வரைந்த ஓட்டத்தைப் பத்து இடத்தில் பயன்படுத்தினார்.

அசைவு குறைந்தால் உணர்ச்சியை எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் கண். டிஸ்னி படங்களிலும், தெசுகா சிறுவனாக இருந்தபோது பார்த்த தக்காரசுக்காப் பெண்கள் நாடக மேடையிலும் கண்ட பெரிய கண்கள் அவர் கைக்கு வந்தன. கோபம், துக்கம், வெட்கம் எல்லாம் கண்ணில் ஏறின. மீதியைக் குரலும் இசையும் சுமந்தன. வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இது விளங்காமல் போகாது. உருவமே தெரியாத குரல் ஒன்று உங்களை அழவைத்ததில்லையா? ஜப்பானில் குரல் நடிகர்களுக்கு இன்றும் பெரிய மவுசு இருப்பதன் காரணமும் அதுவே.

இத்துடன் சில குறிகளும் உண்டு. நெற்றியில் பெரிய வியர்வைத் துளி விழுந்தால் அவன் அசடு வழிகிறான் என்று பொருள். நெற்றி நரம்பு குறுக்காகப் புடைத்தால் கோபம். மூக்கிலிருந்து குமிழி வந்தால் தூக்கம். பின்னால் திடீரென்று பூப் பூத்தால் மனம் மயங்கிவிட்டது. சிறு வயது முதல் பார்த்தவனுக்கு இவையெல்லாம் எழுத்துக் கூட்டாமலே படிக்க வரும். புதிதாகப் பார்ப்பவருக்கு வெறும் கிறுக்கல். தமிழ் படிக்கத் தெரியாதவரிடம் திருக்குறளை நீட்டியது போலத்தான்!

'முத்து' ஜப்பானுக்குப் போன கதை

இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் படத்தை மற்றவர் பார்க்கும்போதும் இதே கதைதான். கிராமத்தில் நிற்கும் காதலர் கண்ணை மூடித் திறப்பதற்குள் பனிமலையில் ஆடுகிறார்கள். முப்பது பேர் எங்கிருந்தோ வந்து கூட ஆடுகிறார்கள். அதிர்ச்சிச் செய்தி கேட்டால் இடி இடிக்கிறது. கதாநாயகன் நடந்து வந்தாலே காற்று வீசுகிறது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் போட்ட படங்களைப் பாயில் உட்கார்ந்து பார்த்த நாம், "இது எப்படி நடக்கும்?" என்று ஒரு நாளாவது கேட்டிருப்போமா? கேட்டதில்லை. ஏனென்றால் அந்தப் பாஷை நமக்குத் தெரியும். வெளியாருக்கோ அது பைத்தியக்கார விளையாட்டாகத் தோன்றும்.

ஆனால் 1998-இல் ஒரு புதுமை நடந்தது. ரஜினிகாந்த் நடித்து, கே. எஸ். ரவிக்குமார் இயக்கி, 1995-இல் வந்த 'முத்து', 'நடனமாடும் மகாராஜா' என்று பொருள்படும் பெயரோடு தோக்கியோவில் திரையிடப்பட்டது. மாதக்கணக்கில் ஓடியது! தமிழ் ஒரு சொல் தெரியாதவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து ரசித்தார்கள். ரஜினியின் பெயரைச் சொல்லிச் சென்னைக்கே வந்து போன ஜப்பானிய ரசிகர்கள் உண்டு. எப்படிப் பிடித்தது? மிகையைக் குறையாக எண்ணாமல், "இவர்கள் கதை சொல்லும் முறை இது" என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் ஊரிலும் மிகைப்படுத்திய ஒப்பனையும் உரத்த பேச்சும் கொண்ட கபுக்கி நாடகம் இருக்கிறது. நமக்குத் தெருக்கூத்து போல.

ஜப்பானியர் முத்துவுக்குக் கொடுத்த அந்தப் பொறுமையை, நாம் நம் பிள்ளையின் படத்துக்குக் கொடுத்தால் என்ன?

பிள்ளை அதில் என்னதான் காண்கிறான்?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தொண்ணூறுகளில் நம் நாட்டுத் தொலைக்காட்சியில் மலாய் பேசிக்கொண்டு வந்த நீலப் பூனை டோரேமோனை நினைவிருக்கிறதா? அந்தக் கதையின் நாயகன் பூனையல்ல. நொபிதா என்ற பையன். பரீட்சையில் முட்டை வாங்குவான். அம்மாவிடம் திட்டு வாங்குவான். தடியன் ஜையானிடம் உதை வாங்குவான். "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று அன்றாடம் கேட்கும் பிள்ளை நொபிதாவிடம் யாரைக் காண்கிறான்? தன்னைத்தான்.

'நருத்தோ' 2002-இல் தொடங்கிய தொடர். தாய் தகப்பன் இல்லாத பையன். ஊரே அவனை ஒதுக்குகிறது. மற்றப் பிள்ளைகள் அவனோடு விளையாடக் கூடாதென்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். அவனோ அந்த ஊருக்கே தலைவனாகிக் காட்டுகிறேன் என்று சபதம் போடுகிறான். ஒரே பாட்டில் பணக்காரனாகிவிடுவதில்லை. தோற்கிறான், பயிற்சி எடுக்கிறான், மறுபடி தோற்கிறான். "எஸ்டேட் பையன்தானே" என்ற ஏளனப் பேச்சைக் கேட்டு வளர்ந்த தகப்பன்மாரே, இந்தக் கதை உங்களுக்கா புரியாது?

இன்னொரு படம் சொல்கிறேன். ஹயாவ் மியாசாக்கி 2001-இல் எடுத்து, 2003-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் 'ஸ்பிரிட்டட் அவே' என்பார்கள். பத்து வயதுச் சிறுமி சிஹிரோ, தேவதைகளும் ஆவிகளும் வந்து குளிக்கும் ஒரு பெரிய குளியல் மாளிகையில் அகப்பட்டுக்கொள்கிறாள். பேராசையோடு தின்ற தாயும் தகப்பனும் பன்றிகளாகிவிட்டார்கள். மாளிகைக்காரி அவளிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, அவள் பெயரையே பறித்துக்கொண்டு, 'சென்' என்று ஒற்றை அசையில் கூப்பிடுகிறாள். சொந்தப் பெயரை மறந்தால் வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, செக்ரோலில் ஒரு வரியாக வாழ்ந்த குடும்பங்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா? கடல் தாண்டி வந்து, கங்காணியின் கணக்கில் அகப்பட்டு, ஊர் திரும்ப முடியாமல் போன நம் முன்னோர் கதை அதில் நிழலாடவில்லையா?

உறவு முறையிலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானில் தம்பி அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். அண்ணன் தம்பியைப் பெயர் சொல்லலாம். ஆசிரியருக்கு ஒரு மரியாதைச் சொல், மூத்தவருக்கு ஒரு மரியாதைச் சொல். ஆங்கில எழுத்து ஓடும்போது இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. தமிழிலோ அண்ணா, அக்கா, ஐயா என்று அப்படியே உட்காரும். வாசலில் செருப்பைக் கழற்றுவது, முன்னோர் ஆவிக்கு ஆண்டுக்கொருமுறை படைப்பது, எல்லாம் நமக்குத் தெரிந்தவையே. நம் பக்கத்து ஷா ஆலாமில் நடந்துவந்த போன் ஒடோரி ஆட்டமும் அந்த முன்னோர் திருநாளின் ஆட்டம்தான். அவர்கள் வணங்கும் பென்சைத்தென் நம் சரசுவதி அங்கே போய்ச் சேர்ந்த உருவம். ஆகவே அந்நியம் என்று நாம் நினைப்பதில் பாதி அந்நியமே அல்ல.

பழைய காயமும் உண்டு

ஆனால் சில வீடுகளில் தயக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. அதை மதித்தே பேச வேண்டும். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டவர் எத்தனையோ பேர். போன அப்பா திரும்பவில்லை, போன மாமா திரும்பவில்லை என்று சொல்லி அழுத பாட்டிகள் நம் தோட்டங்களில் இருந்தார்கள். அந்த வீட்டில் வளர்ந்த ஒருவர் "ஜப்பான்காரன் படமா?" என்று முகம் சுளித்தால் அதில் நியாயம் இருக்கிறது.

1982-இல் அரசாங்கம் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தபோது ஜப்பானிடம் உழைப்பைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். நம் பிள்ளைகள் ஷா ஆலாம் பக்கத்து ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வேலைக்கும் போனார்கள். ஆனாலும் பழைய காயத்தைப் பற்றி வீட்டில் அதிகம் பேசவில்லை. அதனால் பேரன் ஜப்பானை அனிமே வழியாக மட்டுமே அறிகிறான்.

போரைப் பற்றி ஜப்பானியரே எடுத்த அனிமே உண்டு. இசாவோ தக்காஹாத்தாவின் 'மின்மினிப் பூச்சிகளின் கல்லறை' 1988-இல் வந்தது. 1945-இல் கோபே நகரம் குண்டில் எரிகிறது. அம்மாவை இழந்த அண்ணனும் குட்டித் தங்கையும் பசியால் மெல்ல மெல்லச் சாகிறார்கள். கல் நெஞ்சும் கரையும். ஆனால் அதில் சயாம் ரயில் இல்லை. அந்தப் பாதையில் செத்த தமிழன் இல்லை. அந்த மீதிக் கதையைப் பிள்ளைக்குச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? படத்தைத் தடுத்தால் பிள்ளை ஒளித்துப் பார்ப்பான்; நீங்கள் சொல்ல வேண்டியதும் சொல்லாமல் போகும். கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நம் குடும்பத்துக்கும் அந்தச் சண்டையில் ஒரு கதை உண்டு" என்று ஆரம்பியுங்கள். அவன் கைப்பேசியைக் கீழே வைப்பான்.

பெற்றோர் செய்யத் தக்கவை

அப்படியானால் எல்லாவற்றையும் பார்க்க விட்டுவிடலாமா? கூடவே கூடாது. 'கார்ட்டூன்தானே, குழந்தைக்கு ஆகாததா' என்று விட்டுவிடுவதும் முன் சொன்ன அதே தவறான எண்ணத்தின் இன்னொரு முகம்தான். பெரியவர்களுக்கென்று எடுத்தவற்றில் இரத்தமும் உண்டு, ஆபாசமும் உண்டு. 2008-இல் இந்திய அரசு 'ஷின்சான்' தொடரையே, பெற்றோர் புகாரினால் தடை செய்து, பிறகு திருத்தங்களுடன் அனுமதித்தது. வாய்த்துடுக்கான அந்தச் சிறுவன் ஜப்பானில் முதலில் பெரியவர்கள் படிக்கும் பத்திரிகையில் பிறந்தவன்.

ஆகவே சில யோசனைகள். படத்துக்கு என்ன வயது போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 16, 18 என்று எண் இருந்தால் சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கண்ட கண்ட இடத்தில் இலவசமாக ஓடும் படங்களுக்கு அந்த எண்ணும் இருக்காது. அங்கேதான் அதிக எச்சரிக்கை தேவை. பள்ளிக்கூட நாளில் எத்தனை பாகம் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். 'ஒன் பீஸ்' என்ற தொடர் 1999 முதல் ஓடி ஆயிரம் பாகத்தைத் தாண்டிவிட்டது. கணக்கு வைக்காவிட்டால் விடிய விடியப் பார்க்கலாம்!

எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு பாகம், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவனையே விளக்கச் சொல்லுங்கள். "இவன் ஏன் அழுகிறான்? அந்தக் கெட்டவன் ஏன் கெட்டவனானான்? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்று ஒரே சொல்லில் முடிக்கும் பிள்ளை, இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பேசுவான். அந்தப் பேச்சில் பள்ளிக்கூடத்தில் அவனை யார் அடிக்கிறார்கள், யார் ஒதுக்குகிறார்கள் என்பதும் தானாக வெளியே வரும்.

எதில் தொடங்குவது? 1988-இல் வந்த 'என் அண்டைவீட்டு டொட்டொரோ' நல்லது. அம்மா நோயோடு ஆஸ்பத்திரியில் இருக்க, அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் அக்காள் தங்கை கதை. வில்லனே கிடையாது. பாட்டி முதல் பேத்தி வரை பார்க்கலாம். தமிழில் கேட்க விரும்பினால், இந்தியாவில் டோரேமோனும் ஷின்சானும் தமிழ் பேசுகின்றன. 2025-இல் வந்த 'டீமன் ஸ்லேயர்' படத்தையே அங்கே தமிழ்க் குரலோடு திரையரங்கில் போட்டார்கள்.

வரைவதில் கை உள்ள பிள்ளையாக இருந்தால் தட்டிக்கொடுங்கள். 2002-இல் தொடங்கிய காமிக் ஃபியஸ்டா என்னும் விழா டிசம்பர் மாதத்தில் கோலாலம்பூரில் கூடுகிறது. இளைஞர்கள் தாங்கள் வரைந்ததைத் தாங்களே அங்கே விற்கிறார்கள். வேடம் கட்டிக்கொண்டு வருவோரும் உண்டு. அதைப் பார்த்து நீங்கள் சிரித்தாலும் குற்றமில்லை. தைப்பூசத்தில் நாம் எடுக்கும் காவடியை முதல் முறை பார்ப்பவரும் அப்படித்தான் விழிக்கிறார்.

இத்தனை செய்தும் உங்களுக்கு அனிமே பிடிக்காமல் போகலாம். பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எம்.ஜி.ஆர். படம் பிடித்தவருக்குச் சிவாஜி படம் பிடிக்காமல் போன வீடுகளில்தானே நாம் வளர்ந்தோம்! ஆனால் பிடிக்காதது வேறு, "அது என்ன குப்பை" என்று பிள்ளையின் முகத்துக்கு எதிரே தள்ளுவது வேறு. பிள்ளை நெஞ்சில் வைத்திருக்கும் ஒன்றை நாம் குப்பை என்றால், அடுத்தமுறை நெஞ்சில் இருப்பதை நம்மிடம் காட்டமாட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பாகத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்.